மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலுக்கும், ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்கு மடுவுக்கும் எமது குடும்பங்கள் பாய், பானை, சட்டியோடு புறப்படுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. வற்றாப்பளையில் ஓரிரவு, மடுவில் மூன்று நாளோ ஒரு வாரமோ மர நிழலில் கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிறோம். மடுவில் கூடும் இலட்சக்கணக்கானோரில் சைவக் குடும்பங்களும் நிறைய உண்டு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் கோடை விடுமுறையில் ஏரிக்கரையில் கூடாரம் அடித்த படங்களை அனுப்பும்போது எங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். அதை நாங்கள் ஆண்டுதோறும் இங்கே செய்துகொண்டுதான் இருக்கிறோம், பெயர்தான் வேறு.

ஆனால் எம்மில் பலருக்குக் கூடாரம் என்றவுடன் வருவது வேறு நினைவு. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்துக் கிடந்தோம். அந்த ஓகஸ்டில் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். என் பக்கத்து வளவு அக்கா இன்றும் சொல்வார்: "தறப்பாள் வாசம் வந்தாலே எனக்கு வயித்தைப் பிரட்டும் பிள்ளை. நீங்கள் போயிட்டு வாங்கோ." அவரை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போவது சரியல்ல என்பதே என் எண்ணம். அப்படிப்பட்டவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், ஓர் அறையோ மடமோ ஒழுங்குசெய்து கொடுங்கள். அல்லது அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அதே அக்காதான் போன தடவை நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் என் மகளைக் கூப்பிட்டு, கண் பிய்ந்த தறப்பாளைக் கட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். மூலையில் ஒரு சிறிய உருண்டைக் கல்லை உள்ளே வைத்து, தறப்பாளை அதன் மேல் மடித்து, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இறுக்குவது. எவ்வளவு காற்றடித்தாலும் கிழியாது. இந்த அறிவு எமக்கு விருப்பத்தோடு வந்ததல்ல. ஆனாலும் இது எங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைகள் இதை ஒரு நல்ல நாளில், சிரித்துக்கொண்டு கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறதே.

தறப்பாள் கட்டும்போது

ஒற்றைத் தறப்பாளுக்குக் கீழே நண்பகலில் இருக்க முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு வழி, மேலே இன்னொரு கூரை. தறப்பாளுக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டுப் பழைய சேலைகளையோ உரப்பைகளைப் பிரித்துத் தைத்த விரிப்பையோ கட்டுங்கள். வெயில் மேல் விரிப்பில் விழும், இடையில் காற்று ஓடி வெக்கையைக் கொண்டுபோய்விடும். கடையில் விற்கும் நல்ல கூடாரங்களிலும் இரட்டைத் துணி இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். சேலையும் உரப்பையும் இருக்க அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

ஓகஸ்டில் சோளகம் வீசும் காலம். தென்மேற்கிலிருந்து புழுதியோடு வரும். ஆகவே கூடாரத்தின் முதுகு தென்மேற்கைப் பார்க்கட்டும், அந்தப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். வாசலை எதிர்ப்பக்கம் விடுங்கள். பாலை, வீரை மரங்களின் நிழல் நல்லதுதான், ஆனால் காய்ந்த கிளை மேலே தொங்குகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். மழை வந்தால் கயிறு வழியாகத் தண்ணீர் உள்ளே வடியும். கயிற்றில், கூடாரத்துக்கு ஒரு சாண் முன்னதாக ஒரு துணித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும்.

நிலத்தில் நேரே பாய் போடாதீர்கள். முதலில் உரப்பை, அதன் மேல் பனையோலைப் பாய், அதன் மேல் துணி. எல்லாவற்றையும்விட முக்கியம் நுளம்பு வலை. மலேரியா அற்ற நாடு என 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்துவிட்டது, இனி வலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டெங்கு இருக்கிறது, அது ஒரு காரணம். மற்றது பாம்பு. கட்டுவிரியன் இரவில் நடமாடும், நிலத்தில் உறங்குபவர்களைக் கடிக்கும். கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது, அடையாளமும் தெரியாமல் போகும். சிறிது நேரத்தில் வயிற்றுவலி, கண் இமை தானாகச் சரிவது என்று தொடங்கும். நேபாளத்தில் செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, வலைக்குள் உறங்குபவர்களுக்குப் பாம்புக்கடி வெகு குறைவு என்று காட்டியது. வலையின் விளிம்பைப் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகினால்தான் அந்தப் பலன். நள்ளிரவில் பிள்ளை வயிற்றுவலி என்று அழுதால் "பகல் தின்ற பலகாரம்" என்று தட்டிக்கழிக்காமல் இமையைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். விஷமுறிவு மருந்து அரசாங்க வைத்தியசாலையில்தான் இருக்கும்.

அடுப்பு

விறகு பொறுக்கக் காட்டுக்குள் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். வன்னி மண்ணில் இது வெறும் எச்சரிக்கைப் பேச்சல்ல. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அந்த உடன்படிக்கையின்படி புதைத்த கண்ணிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். பலரும் நடமாடிப் பழகிய இடத்தில் மட்டும் கூடாரம் அடியுங்கள். மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்துக்கு ஒரு அடியும் போக வேண்டாம். இன்னொன்று: தெரியாத இடத்தில் புதிதாகக் குழி தோண்டி நெருப்பு மூட்டவோ குப்பை எரிக்கவோ கூடாது. கீழே என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆண்டாண்டாக அடுப்பு எரிந்த கருகிய கல் இருக்கும் இடமே நல்லது.

இதற்கு எங்கள் பழைய மரத்தூள் அடுப்பைப் போல வேறொன்றில்லை. 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது பலர் இதைத் திரும்பவும் தேடினார்கள். பெரிய எண்ணெய் ரின் ஒன்றின் அடிப்பக்கத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துளை வெட்டுங்கள். நடுவில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்து, துளை வழியாக ஒரு தடியைப் போத்தலைத் தொடும்வரை செருகி, சுற்றிவரக் காய்ந்த மரத்தூளை இறுக்கி அடையுங்கள். போத்தலையும் தடியையும் மெதுவாகச் சுழற்றி எடுத்துவிட்டால் உள்ளே ஒரு புகைபோக்கி வழி நிற்கும். கீழ்த் துளையில் பற்றவைத்தால் போதும், ஒரு நேரச் சோறும் இரண்டு கறியும் கவனிப்பாரின்றியே ஆகிவிடும். விளிம்பில் மூன்று கல் வைத்து, சட்டிக்கும் ரின்னுக்கும் இடையே காற்றுப்போக விடுங்கள். மழை வந்தாலும் இந்த அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம், அதன் புகை உயிரைக் குடிக்கும்.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு, பிறகு வறுத்த மாவில் புட்டு, கருவாட்டுக் குழம்பு, மாசிச் சம்பல். பொரிவிளாங்காயும் எள்ளுருண்டையும் பருத்தித்துறை வடையும் ஒரு வாரம் இருக்கும். எல்லாவற்றையும் மூடியுள்ள வாளியில் போட்டு, கயிற்றால் கிளையிலிருந்து தொங்கவிடுங்கள். குரங்குகள் மூடியைத் திறக்கக் கற்றுவிட்டன, ஆகவே மூடிக்கு மேலும் ஒரு கட்டுப் போட வேண்டும். மரக்கறி வாடாமல் இருக்க, நைஜீரியாவில் முகமட் பா அப்பா என்ற ஆசிரியர் பரப்பி, 2000ஆம் ஆண்டில் றோலெக்ஸ் விருது பெற்ற முறை ஒன்று உண்டு. பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையில் ஈரமணல் போட்டு, ஈரத்துணியால் மூட வேண்டும். பானையின் வெளிப்புறத்தால் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். காய்ந்த காற்று வீசினால்தான் இது நன்றாக வேலை செய்யும். எங்கள் சோளகத்துக்கு வேறென்ன வேண்டும்? கத்தரிக்காயும் தக்காளியும் இரண்டு மூன்று நாள் கூட நிற்கும்.

தண்ணீரும் பெண்களும்

குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதே முதல் வழி. விறகு குறைவென்றால், தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தல்களில் அடைத்து நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம் படுக்க வைக்கலாம். மேகமூட்டமென்றால் இரண்டு நாள். போத்தல் இரண்டு லீற்றருக்கு மேற்படக் கூடாது, தண்ணீர் கலங்கியிருக்கவும் கூடாது. கை கழுவ, ஐந்து லீற்றர்க் கான் ஒன்றின் கழுத்துக்குக் கீழே ஆணியால் துளையிட்டு, இரண்டு கவர்த் தடிகளுக்கு இடையே தொங்கவிட்டு, மூடியில் கட்டிய கயிற்றை நிலத்திலுள்ள ஒரு தடியோடு இணையுங்கள். காலால் மிதித்தால் கான் சரிந்து தண்ணீர் ஒழுகும். சவர்க்காரத்தை பழைய காலுறைக்குள் போட்டுப் பக்கத்தில் தொங்கவிடலாம். சிம்பாப்வேயில் கிராமத்துப் பிள்ளைகள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எங்கள் சிறுவர்களுக்கு இது விளையாட்டு, சொல்லாமலே நாளுக்குப் பத்துத் தரம் கை கழுவுகிறார்கள். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனிப் பக்கெற் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும்.

இனி வெளியில் அதிகம் பேசப்படாத விடயம். மலசலகூடம் தூரத்தில், இருட்டில் இருக்கும் என்பதால் பெண்கள் பின்னேரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். முகாமில் பழகிய பழக்கம் இது. சலக்கடுப்பும் தலையிடியும் அதன் பின்னாலேயே வரும். கூடாரம் அடிக்கும் இடத்தைத் தெரிவு செய்யும்போதே மலசலகூடத்துக்கு எத்தனை அடி என்று பார்க்க வேண்டியது நாங்கள்தான், ஆண்கள் அதைப் பார்க்க மாட்டார்கள். இரவில் இரண்டு பேராகப் போங்கள், நெற்றியில் கட்டும் லைட் ஒன்று வாங்குங்கள். இந்தப் பட்டியலில் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் பொருள்கள் இரண்டே இரண்டு, அதில் இது ஒன்று. கை இரண்டும் விடுபட்டிருக்கும் என்பது எவ்வளவு பெரிய உதவி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும்.

உடை மாற்ற, பழைய சைக்கிள் றிம் ஒன்றைக் கிளையிலிருந்து கிடையாகத் தொங்கவிட்டு, சுற்றிவர இரண்டு கடும் நிறச் சேலைகளைக் கட்டினால் வட்டமான மறைப்பு கிடைக்கும். மடித்தால் ஒன்றுமில்லை. இரவில் விளக்கை அதற்குள் கொண்டுபோகக் கூடாது. உள்ளே வெளிச்சம் இருந்தால் நிழல் முழுவதும் சேலையில் விழும். விளக்கு வெளியே, மறைப்புக்கு மேலே உயரத்தில் இருக்கட்டும். மாதவிலக்கு நாட்கள் கணக்கில் இல்லாவிட்டாலும் நப்கின் ஒரு பக்கெற் கட்டாயம் எடுங்கள். அலைச்சலில் நாள் முந்திவிடும். பயன்படுத்தியதைப் போட, தனியாக இருண்ட பொலித்தீன் பைகள்.

வாங்கச் சொல்லும் மற்றப் பொருள் சூரிய ஒளி விளக்கு. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாம் போத்தலுக்குள் ஒரு துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்கை யாரும் மறக்கவில்லை, ஆனால் தறப்பாளுக்குக் கீழே அது வேண்டாம். பிளாஸ்ரிக் பற்றினால் நொடியில் எரியும். சூரிய விளக்கு இல்லையென்றால், ரோச்லைட்டை நிமிர்த்தி வைத்து அதன் மேல் தண்ணீர் நிரம்பிய போத்தலை வையுங்கள், கூடாரம் முழுவதும் வெளிச்சம் பரவும். பிள்ளைகளின் சட்டை உட்புறத்தில் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தையுங்கள். கழுத்தில் ஒரு ஊதுகுழல். வற்றாப்பளைச் சனத்துக்குள் அம்மா என்று கத்தினால் நூறு அம்மாமார் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். வீட்டில் சமைக்கிற அதே கை, அங்கேயும் மூன்று கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தால் அதற்கு ஏன் பயணம்? புறப்படுவதற்கு முதலே வேலையைப் பிரித்து ஒரு தாளில் எழுதிக் கூடாரக் கம்பில் ஒட்டிவிடுங்கள். தண்ணீர் அள்ளுவதும் இரவுச் சாப்பாடும் அப்பாவுடையது, பாத்திரம் கழுவுவது பெரியவனுடையது, முளைகளை எண்ணிப் பையில் போடுவது சின்னவளுடையது. முதல் நாள் சோறு குழையும். குழையட்டும். நீங்கள் எழும்பிப் போய்க் கரண்டியைப் பிடுங்காமல் இருப்பதுதான் கடினம்.

திரும்பும் நாளில் குப்பையை எரிக்காமல் உரப்பையில் கட்டி, அதற்கென வைத்த இடத்தில் போடுங்கள். தறப்பாளை வீட்டுக்கு வந்ததும் கழுவி, இரண்டு பக்கமும் வெயில் காட்டி, வேப்பிலை வைத்துச் சுருட்டுங்கள். ஈரத்தோடு மடித்தால் அடுத்த வருடம் எடுக்கும்போது பூஞ்சணமும் எலி வெட்டும்தான் மிஞ்சும். கயிறுகளை மடித்துக் கட்டி, எந்த மூலைக்கு எந்தக் கயிறு என்று துணித்துண்டால் அடையாளம் வைத்துவிட்டால் வைகாசியில் தேடத் தேவையில்லை.