சூரியன் ஏன் திடீரென வெடிக்கிறது?

அரும்பாவூரில் மே மாத வெயிலைத் திட்டாதவர் யார்? 2024 மே 10 இரவு, அதே சூரியனின் கைவரிசையால் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. எப்படி?

சூரியனில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் மிக வலுவானது. கீழே கொதித்துப் புரளும் மின்னூட்ட வாயு அதை ஓயாமல் முறுக்குகிறது. பிள்ளைகள் ஊஞ்சல் கயிற்றை முறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்க முறுக்க விசை ஏறும். காந்தப்புலம் முறுக்கேறினால் அங்கே மின்னோட்டம் பாய்கிறது என்று பொருள். ஆற்றலும் அங்கேதான் சேர்கிறது.

எதிரெதிர்த் திசைக் காந்தக்கோடுகள் நெருங்கும்போது, அறுந்து வேறு விதமாக இணைகின்றன. சேர்ந்த ஆற்றலில் ஒரு பகுதி நிமிடங்களில் வெளியேறும். அதுதான் சூரியச் சுடர்வெடிப்பு.

அதன் ஒளி எட்டு நிமிடத்தில் நம்மை எட்டும். சில வெடிப்புகளோடு கிளம்பும் துகள் மேகத்துக்கு ஓரிரு நாளாகும். ஹான்லேயைச் சிவக்க வைத்தது அத்தகைய மேகங்களே.

இவற்றைக் கவனிக்க 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 விண்கலம் ஏவப்பட்டது. அப்போது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர், செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி.