அரையாண்டு விடுமுறையில் மழை குறுக்கிட்டால்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு டிசம்பர் மூன்றாம் வாரத்தையொட்டி முடிகிறது. அடுத்து கிறிஸ்துமஸும் ஆங்கிலப் புத்தாண்டும் சேர்ந்து ஒன்பது, பத்து நாள் விடுமுறை. கோடைக்கு அடுத்தபடியாகக் குடும்பங்கள் மூட்டை கட்டுவது இந்த நாட்களில்தான். ஊட்டி, கொடைக்கானல், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திருச்செந்தூர் என்று எங்கும் கூட்டம் நெரியும். சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் பயணமும் இதே காலத்தில் வருகிறது. ஆனால் இந்த வாரங்கள் வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டமும்கூட. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் இந்த மழைதான் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருகிறது. ரயில் டிக்கெட்டும் அறையும் முன்பதிவு செய்துவிட்ட குடும்பம், கிளம்பும் வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் போட நேர்வதற்குக் காரணம் இந்தக் காலப் பொருத்தம்தான்.

நவம்பரோடு மழை ஓய்ந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சராசரியைப் பார்த்தால் டிசம்பரில் மழை குறைவுதான். ஆனால் சராசரியை நம்பிப் பயணம் போக முடியாது. தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயல் வந்தது டிசம்பர் 22 இரவில். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயிலே அலையில் அடித்துச் செல்லப்பட்டது. 2011இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30 காலையில், புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்குப் புதுச்சேரியில் அறை போட்டிருந்தவர்கள் கிளம்பும் நேரத்தில்.

இன்னொரு தவறான நம்பிக்கை, புயல் என்று பெயர் சூட்டினால்தான் ஆபத்து என்பது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டும்போதுதான் அது புயலாகிப் பெயர் பெறுகிறது. பெயர் காற்றைப் பொறுத்தது, மழையைப் பொறுத்ததல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்குப் பெயரே கிடையாது. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான் அதற்குக் காரணம். செய்தி அறிக்கையில் தினமும் காதில் விழுந்து, யாரும் பொருட்படுத்தாத அதே சொற்கள். டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ.

டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது; தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரை அருகிலிருந்த பள்ளியில் தங்கவைக்க முடிந்தது. அதற்குள் சாலையும் துண்டிக்கப்பட, மற்ற சுமார் 500 பேர் நிலையத்திலும் பெட்டிகளிலும் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். பிறகு ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. 19ஆம் தேதிதான் அவர்களை வெளியே கொண்டுவந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் ஏற்றி அனுப்ப முடிந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலை மேலே செல்ல விடாமல் நிறுத்தியதுதான் அத்தனை உயிரையும் காத்தது.

ஆகவே பயணத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதைப் புயலின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், போகிற மாவட்டத்துக்கான மழை எச்சரிக்கையை வைத்து முடிவு செய்வதே சரி. சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதில் வரும் சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ.; மிக கனமழை 12 முதல் 20 செ.மீ.; அதற்கு மேல் அதி கனமழை. நிறங்கள் இந்த அளவோடு, என்ன பாதிப்பு வரலாம் என்பதையும் கணக்கில் கொள்பவை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த மாவட்டத்துக்குக் குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகாமல் இருப்பது நல்லது. சிவப்பு வந்தால் விவாதத்துக்கே இடமில்லை.

முன்னறிவிப்பு எத்தனை நாளுக்கு முன்னால் கைகொடுக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நான்கைந்து நாளுக்கான மாவட்ட முன்னறிவிப்பைக் கொண்டு ஓரளவு முடிவெடுக்கலாம். இரண்டு வாரத்துக்கான கணிப்பும் வெளியாகிறது. மழை கூடுமா குறையுமா என்ற போக்கு மட்டும் அதில் தெரியும், ஊட்டியில் 26ஆம் தேதி மழையா என்பது தெரியாது. மாதத் தொடக்கத்திலேயே வாட்ஸ்அப்பில் சுற்றும் 'டிசம்பர் 25 மாபெரும் புயல்' வகைச் செய்திகளைப் பார்த்து டிக்கெட்டை ரத்து செய்வதைப் போன்ற அவசரம் வேறில்லை. செய்தித்தாளில் வரும் மழை அளவு, முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான கணக்கு. 'இன்று 20 செ.மீ.' என்று படிப்பது பெரும்பாலும் நேற்றைய மழை.

புயல் கரையைக் கடந்ததும் எல்லாம் முடிந்தது என்று மறுநாளே கிளம்புகிறவர்கள் அதிகம். 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அது கரையேறியும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. பிறகு மேற்கே நகர்ந்து, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிவர, டிசம்பர் 2 அன்று அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் ரத்தாயின அல்லது வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன. சென்னையில் வெயில் எட்டிப் பார்த்த நாளில் தெற்கே போக வழியில்லை. மேலே பெய்த மழை ஆற்றிலும் அணையிலும் இறங்கி வர ஓரிரு நாள் பிடிக்கும். அந்த ஓரிரு நாளையும் பயணத் திட்டத்திலிருந்து கழித்துவிட வேண்டும்.

மலைப் பயணத்தின் கணக்கு தனி. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூர், கோத்தகிரி பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கிய மழை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைவது. 2009 நவம்பரில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்து, மலை பல இடங்களில் சரிந்து உயிர்கள் போயின. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போக இரண்டு சாலைகள்: பர்லியார் வழியாகக் குன்னூர் சாலை, இன்னொன்று கோத்தகிரி சாலை. குன்னூர் சாலையில் மண்ணோ மரமோ விழுந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். விடுமுறைக் கூட்டம் முழுதும் அந்த ஒற்றைச் சாலையில் ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் ஒரு காத்திருப்பு. மலை ரயிலை நம்பியும் பயனில்லை. 46 கி.மீ. பாதையில் 208 வளைவுகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் பகுதியில் பாறை உருண்டால் சேவை நாள்கணக்கில் ரத்தாகும். அதனால் மழை எச்சரிக்கை இருந்தால் மலையின் உச்சியை விட்டுவிட்டு அடிவாரத்தில் ஓரிரவு தங்கி நிலவரம் பார்ப்பவர்கள் புத்திசாலிகள். கோவையில் ஒரு நாள் வீணாவது, பர்லியாரில் காருக்குள் இரவைக் கழிப்பதைவிட மேல். கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டு வழி, பழனி வழி என்று இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று அடைபட்டால் மற்றதைக் கேட்டறிந்து கிளம்பலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதால், தேதியை மாற்றும்போது அதையும் புதிதாக எடுக்க வேண்டும்.

உறைபனி பார்க்கத்தான் ஊட்டி என்று கிளம்பும் குடும்பங்கள் மழை வந்தால் வருத்தப்படவே தேவையில்லை. மேகமூட்டம் இருக்கும்போது அங்கே உறைபனி விழாது. இரவில் வானம் தெளிந்து காற்றும் அடங்கினால்தான் தரையின் வெப்பம் முழுதும் மேலே போய், தலைகுந்தா போன்ற இடங்களில் புல் வெள்ளையாகும். மழை ஓய்ந்த பிறகு, ஜனவரியில் போவதே அதற்குப் பொருத்தம்.

கடலோர ஊர்களில் மழையைவிடக் காற்று பயணத்தைக் கெடுக்கும். பாம்பன் பாலத்தில் காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காது. ராமேஸ்வரம் ரயில் மண்டபம் நிலையத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து சாலைப் பாலம் வழியாகப் பேருந்தில் போக வேண்டியிருக்கும். கன்னியாகுமரியில் கடல் சீற்றமோ நீர்மட்டத் தாழ்வோ இருந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நின்றுபோகும். 2024 டிசம்பர் இறுதியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் வழியாகத் திருவள்ளுவர் சிலைக்குச் செல்லவும் முதலில் அந்தப் படகில் ஏறியாக வேண்டும். குற்றாலம், மணிமுத்தாறு, கும்பக்கரை அருவிகளில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். தடை நீங்கும் நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு வீட்டிலேயே இருந்துவிட வேண்டுமா என்றால், தேவையில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டியது ரத்து அல்ல, திசை மாற்றம். வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கேயே தீர்ந்துவிடுகிறது. டிசம்பர் கடைசியில் மைசூரு, வயநாடு, குருவாயூர் பக்கம் பெரும்பாலும் வானம் தெளிவாக இருக்கும். மைசூருவிலிருந்து பந்திப்பூர் காட்டு வழியாகத் திரும்புவோர், இரவு 9 முதல் காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தூரம் போக மனமில்லாதவர்களுக்குக் கூரைக்கு அடியில் பார்க்கக்கூடிய ஊர்கள் உண்டு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், அருகே 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் என்று இரண்டு நாள் தாராளமாகப் போகும். அங்கிருந்து காரைக்குடி பக்கம் போனால், முற்றத்தில் மழை கொட்டுவதைத் திண்ணையில் உட்கார்ந்து ரசிப்பதற்கென்றே கட்டியதுபோன்ற செட்டிநாட்டு வீடுகள். வேடந்தாங்கலுக்கோ மழை வரமே. ஏரி நிரம்பினால்தான் பறவைகள் கூடு கட்டும். மழை நின்ற சில வாரங்களில் போவதே சிறப்பு.

மழைக்குப் பயந்து வட இந்தியாவுக்குத் திட்டத்தை மாற்றுகிறவர்களுக்கு அங்கே மூடுபனி காத்திருக்கிறது. டிசம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை டெல்லி, ஆக்ரா, வாரணாசி பக்கம் காலை நேரத்தில் பார்வைத் தூரம் 50 மீட்டருக்கும் கீழே போகும் நாட்கள் வருகின்றன. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். விமானத்தில் போவதானால் பனி விலகும் மதிய வேளை விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விடியற்காலையில் தாஜ்மகாலைப் பார்க்கப் போய், எதிரே வெள்ளைத் திரையை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய.

அடுத்தது பணம். ரயில்வே தானே ரயிலை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு எதுவும் செய்ய வேண்டாம், கணக்குக்கே பணம் வரும். கவுன்டரில் எடுத்திருந்தால் குறித்த நாளுக்குள் நேரில் கொடுத்து வாங்க வேண்டும். ஏறும் நிலையத்துக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருமானால் பயணத்தைக் கைவிட்டு முழுத் தொகையையும் கேட்கலாம். இணைய டிக்கெட் என்றால் ரயில் கிளம்புவதற்கு முன்பே, பணத்தைத் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். ரயில் ஓடும்போது பயணியே பயந்து ரத்து செய்தால்தான் பிடித்தம் உண்டு, நேரம் நெருங்க நெருங்க அது கூடும். இதனால் எச்சரிக்கை ஆரஞ்சாக இருக்கையில், 'கடைசி நிமிடம் வரை பார்ப்போம்' என்று காத்திருப்பதா, முந்திக்கொள்வதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதமே நடக்கும். ரயில்வே ரத்து செய்யும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்து, ரயிலும் ஓடி, போகவும் முடியாமல் போனால் இரட்டை நட்டம்.

விமானத்தில் விதி வேறு மாதிரி. வானிலையால் விமானம் ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது மாற்று விமானத்தில் போகலாம். ஆனால் அது நிறுவனத்தின் தவறல்ல என்பதால் இழப்பீடு கிடையாது. 2023 டிசம்பர் 4 அன்று 'மிக்ஜாம்' புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்று, மறுநாள் காலைவரை சேவை முடங்கியது. அப்போது தங்கிய செலவும் தவறிய அடுத்த விமானத்தின் கட்டணமும் பலருக்குச் சொந்தப் பையிலிருந்தே போயின. விடுதி அறைகளுக்குப் பொது விதி எதுவும் இல்லை. முன்பதிவின்போதே 'தேதி மாற்றித் தருவீர்களா' என்று கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாக வாங்கி வைப்பது பயன்படும். பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் விடுதிக்காரர்களில் பலர் தேதியை மாற்றித் தரச் சம்மதிப்பார்கள். கூட்டம் இல்லாத ஜனவரியில் அறை நிரம்புவது அவர்களுக்கும் ஆதாயமே.

தேதி மாற்றம் என்றதும் பொங்கல் விடுமுறைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதற்குள் மழை பெரும்பாலும் விலகியிருக்கும். ஆனால் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்குவதால், டிசம்பர் கடைசியில் தேடினால் பொங்கலுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும். சிறப்பு ரயில்களும் அரசுச் சிறப்புப் பேருந்துகளும் மிச்சம். குடியரசு தினம் சனி, ஞாயிறோடு ஒட்டி வரும் ஆண்டுகளில் அந்த மூன்று நாளை எடுத்துக்கொள்வது எளிது. மலையில் குளிர் அப்போதும் குறைந்திருக்காது, சாலையில் விழுந்த மண்ணையும் அள்ளி முடித்திருப்பார்கள்.