திருச்சபைத் திட்டம் (ஐக்கிய அமெரிக்கா)

திருச்சபைத் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் திருச்சபைகளும் அவற்றைச் சார்ந்த நிறுவனங்களும் தம் ஊழியர்களுக்கு வழங்கும் ஓய்வூதிய, மருத்துவ நலத் திட்டம் ஆகும்.

1974 ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதிய வருமானப் பாதுகாப்புச் சட்டம், தனியார் நிறுவனங்கள் ஓய்வூதிய நிதியில் போதிய பணம் சேர்க்கவும் அதற்குக் காப்புறுதி செலுத்தவும் வேண்டுமென விதித்தது. திருச்சபைத் திட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விரும்பும் திருச்சபை இச்சட்டத்திற்கு உட்படலாம். 1980 ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விலக்கை விரிவாக்கியது. திருச்சபை சார்ந்த மருத்துவமனைகள் தாமே தொடங்கிய திட்டங்களும், திருச்சபை சார்ந்த ஓய்வூதிய அமைப்பொன்றால் நடத்தப்படின் விலக்குப் பெறும் என 2017 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விலக்குப் பெற்ற ஓய்வூதிய நிதி நொடித்தால் கூட்டரசின் காப்புறுதி கிடைக்காது. நியூயார்க் மாநிலத்தின் செனெக்டடி நகரில் இருந்த புனித கிளேர் மருத்துவமனை 2008 இல் மூடப்பட்டது. அதன் ஓய்வூதியத் திட்டம் நிதிப் பற்றாக்குறையால் பின்னர் முடிவுக்கு வந்தபோது, சுமார் 1,100 முன்னாள் ஊழியர்கள் தம் ஓய்வூதியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ இழந்தனர்.