தீக்குச்சித் தலையில் ஒரு புரதம்

வகுப்பில் புரதம் என்றதும் பிள்ளைகள் முட்டை, பருப்பு, பால் என்று சொல்வார்கள். நான் ஒரு தீக்குச்சியைத் தூக்கிக் காட்டுவேன். விருதுநகரில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கிய அம்மாவின் மகள் என்ற உரிமை உண்டு. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் கண்ணாடித் தூளையும் பிடித்து வைத்திருப்பது வஜ்ஜிரம். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம், காய்ச்சும்போது ஜெலட்டினாகிக் கரைகிறது. அந்தப் பசைதான் வஜ்ஜிரம்.

புரதத்தின் குணத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் வரைபடத்தாளில் பார்க்கலாம்.

புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். அதை அமிலத்தில் கரைத்து, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். அவ்வப்போது பி.எச். மீட்டரைப் பார்த்துப் புள்ளி வைக்கிறோம். புள்ளிகள் நேராக ஏறுவதில்லை. 2.34 அருகே கோடு படுத்துவிடும். காரம் விழ விழ, கிளைசினின் கார்பாக்சில் முனை தன் புரோட்டானைக் கொடுத்து அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறது. அது தீர்ந்ததும் கோடு விறுவிறுவென ஏறி, 9.60 அருகே மறுபடி படுக்கும். இப்போது அமினோ முனையின் முறை. இரண்டுக்கும் நடுவே, 5.97இல், மூலக்கூறில் நேர்மின்னும் எதிர்மின்னும் சரிசமம். மின்புலத்தில் வைத்தாலும் எந்தப் பக்கமும் நகராது. இதுவே சம மின்புள்ளி.

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்கு 6.0 அருகே இன்னொரு படி உண்டு. ரத்தத்தின் பி.எச். தடுமாறாமல் இருக்க ஹீமோகுளோபினில் உள்ள ஹிஸ்டிடின்களும் உதவுகின்றன.

முழுப் புரதத்தில் இப்படிப்பட்ட முனைகள் ஏராளம். அதனால் படிகள் ஒன்றோடொன்று கலந்து, நீண்ட சரிவாகத் தெரியும். ஆனாலும் அந்தச் சரிவுக்குள் செய்தி இருக்கிறது. அமிலத்தில் ஊறவைத்து எடுத்த ஜெலட்டினின் சம மின்புள்ளி 7க்கும் 9க்கும் இடையே வரும். சுண்ணாம்பில் ஊறியது 5ஐ ஒட்டி நிற்கும். அஸ்பரஜின், குளுட்டமின் என்ற அமினோ அமிலங்களின் அமைடு முனைகளைச் சுண்ணாம்பு அமில முனைகளாக மாற்றிவிடுவதே காரணம். ஒரு ஜெலட்டின் எந்தத் தொட்டியில் ஊறியது என்பதைக்கூட இந்த அளவீடு காட்டிக்கொடுக்கும்! பால் திரிவதும் இதே கணக்குதான். பி.எச். 4.6க்கு இறங்கும்போது பால் புரதமான கேசீனின் மின்சுமை சமமாகி, அது திரண்டு பிரிகிறது.

வஜ்ஜிரத்தின் மூலமான கொலாஜனுக்கு இன்னொரு வரைபடக் கதையும் உண்டு. எங்கள் பக்கத்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன 1922இல்தான், எர்ணாகுளத்தில் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரன் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் கோபிநாத் கார்த்தாவும் 1954இல் கொலாஜனுக்கு மூன்று இழை வடிவத்தை முன்வைத்தார்கள். அதில் சில அணுக்கள் மிக நெருங்கி நிற்கின்றன என்று வெளிநாட்டிலிருந்து மறுப்பு வந்தது. அப்படியானால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதன் பலன், 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனுடன் அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்களை, −180 முதல் +180 டிகிரி வரை, இரண்டு அச்சுகளில் குறிக்கிறார்கள். அணுக்கள் முட்டிக்கொள்வதால் பெரும்பகுதி வெற்றிடமாகவே கிடக்கும். புள்ளிகள் சில தீவுகளில் மட்டும் குவியும். பக்கச்சங்கிலியாக வெறும் ஹைட்ரஜன் அணு மட்டும் கொண்ட கிளைசினுக்கே தாராளமாகத் திரும்ப இடமுண்டு. கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருப்பதற்கும் அதன் சிறிய உருவமே காரணம். மூன்று இழைகளும் முறுக்கிக்கொள்ளும் நடுப்பகுதியில் வேறெதுவும் நுழையாது.

இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு தமிழ்நாட்டு ஆய்வகம் உலகத்துக்குக் கொடுத்த அளவுகோல் இது.

கைடைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் கிளைசினின் பி.எச். வளைகோட்டை வரையும் வழக்கம் எனக்கு வேதனை தருகிறது. ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகள் தாங்களே சொட்டுவிட்டுத் தாங்களே புள்ளி வைக்கட்டும். 2.34 வரவேண்டிய இடத்தில் 2.5 வந்தால், அதையே எழுதி, ஏன் வந்தது என்று யோசிக்க நேரம் கொடுங்கள்.