உங்களுக்குத் தெரியுமா? பொம்மைக் கார்கள் தாமாக நொறுங்கிய கதை

துத்தநாகம் உருக 420 டிகிரி செல்சியஸ் வேண்டும், அலுமினியத்துக்கு 660. இரண்டையும் கலந்தால் சூடு கூடத்தானே வேண்டும்? இல்லை! துத்தநாகத்தில் 5 சதவீத அலுமினியம் சேர்ந்தால், கலவை 382 டிகிரியிலேயே உருகிவிடும். சிறு பட்டறைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மணல் அச்சில் வார்ப்பவர்கள் விரும்புவது இசட்ஏ-12 என்ற துத்தநாக-அலுமினியக் கலவை. இதில் அலுமினியம் 11 சதவீதம், கூடவே சிறிது செம்பு, துளி மக்னீசியம். வெண்கல புஷ்ஷுக்குப் பதிலாகவும் இது உழைக்கும். ஆனால் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் சுமை தாங்காது, மெல்ல நெளியும். உருக்க கிராஃபைட் மூசையே நல்லது. அலுமினியம் கூடிய கலவை இரும்புச் சட்டியை அரித்துவிடும்.

துத்தநாகக் கலவைகளின் பெரிய எதிரி ஈயம். மிகச் சிறிதளவு கலந்தாலும் வார்ப்பு உள்ளுக்குள் அரிக்கப்பட்டு, ஆண்டுகள் கழித்து வீங்கி வெடிக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாகக் கலவையில் வார்த்த ‘டிங்கி’ பிராண்டு பொம்மைக் கார்கள் பல, அலமாரியில் இருந்தபடியே நொறுங்கியது இதனால்தான். 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் உருவாக்கிய ‘ஜமாக்’ கலவைகளுக்கு 99.99 சதவீதம் தூய துத்தநாகம் கேட்பதும் இதற்காகவே. பழைய சாமானை உருக்குபவர்கள், ஈயப் பற்றவைப்பு ஒட்டிய துண்டுகளை முதலில் பொறுக்கி எறிய வேண்டும்.