ஒரு நாள், இரு தேர்தல்

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு, பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதியாகும். நாடாளுமன்றத் தேர்தலில் கள்ளக்குறிச்சித் தொகுதியுள் அடங்கும். இதன் வாக்காளர் 2019இலும் 2024இலும் மக்களவைக்கும், 2021இல் சட்டமன்றத்திற்கும் வாக்களித்தனர்.

முன்னாளில் நிலைமை வேறு. 1952 முதல் 1967 வரை நான்கு முறை, நாட்டின் பெரும்பகுதியில் இரு தேர்தல்களும் ஒருங்கே நடந்தன. பின்னர்ச் சில சட்டமன்றங்களும், 1970இல் மக்களவையும் காலம் முடியுமுன் கலைக்கப்பட்டமையால் அவ்வொழுங்கு குலைந்தது.

அதனை மீட்கும் அரசியலமைப்புத் திருத்த மசோதா 2024 டிசம்பர் 17இல் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. செலவும் அலைச்சலும் குறையும் என்பர் ஒரு சாரார். இடையில் கலையும் சட்டமன்றத்திற்கு எஞ்சிய காலத்திற்கே தேர்தல் நிகழுமாதலின், மக்கள் அளித்த தீர்ப்பின் ஆயுள் குறுகும் என்பர் மறுசாரார்.

சிக்கனம் பெரிதா, வாக்கின் முழுப்பயன் பெரிதா? இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தல் குடிமக்களின் கடமையன்றோ!