கல்லீரல் எம்.ஆர்.ஐ.: கான்ட்ராஸ்ட் ஊசி எதற்கு?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கல்லீரலில் கட்டி’ என்று பார்த்ததுமே பலர் புற்றுநோய் என்று கலங்கிவிடுகிறார்கள். கல்லீரலில் தோன்றும் கட்டிகளில் ஆபத்தில்லாதவையும் ஏராளம். எது எந்த வகை என்று பிரித்தறியத்தான் மருத்துவர் கான்ட்ராஸ்ட் ஊசியுடன் எம்.ஆர்.ஐ. எழுதித் தருகிறார்.

ஊசியில் இருப்பது என்ன?

கேடோலினியம் என்ற உலோகம். தனித்திருந்தால் நச்சு என்பதால், அதை வேறொரு மூலக்கூறோடு இறுகப் பிணைத்தே மருந்தாக்குகிறார்கள். மருந்து சேரும் இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து வேறு.

நொடிகளில் மாறும் படம்

கல்லீரலுக்கான இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைப் போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. மீதி தமனி வழியாக வருகிறது. கல்லீரலிலேயே உருவாகும் புற்றுநோய் பெரும்பாலும் தமனி இரத்தத்தில்தான் வளர்கிறது. அதனால் ஊசி போட்ட அரை நிமிட அளவில் எடுக்கும் படத்தில் அது பளிச்சென்று தெரியும். அடுத்தடுத்த படங்களில் சுற்றுப்புறத்தைவிட மங்கிவிடும். ஹீமாஞ்சியோமா எனும் சாதுவான இரத்தக்குழாய்க் கட்டியோ ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நிறையும். ‘மூச்சைப் பிடியுங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது இந்தத் தருணங்களைத் தவறவிடாமல் பிடிக்கத்தான்.

இருபது நிமிடக் காத்திருப்பு

கேடாக்ஸெடேட் என்ற கேடோலினிய மருந்தில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் செல்களே உறிஞ்சிப் பித்தநீரில் வெளியேற்றுகின்றன; மறுபாதி சிறுநீரில் போகிறது. சுமார் 20 நிமிடங்களில் கல்லீரல் முழுவதும் ஒளிரும். கல்லீரல் செல்களே இல்லாத, வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டி அதில் கரும்புள்ளியாகத் தனித்து நிற்கும். மிகச் சிறிய கட்டிகளைக் கண்டறியவும் இது உதவுகிறது. மஞ்சள் காமாலை கடுமையாக இருந்தால் மருந்து சரியாக ஏறாது. படத்தின் தெளிவும் குறையும்.

முன்கூட்டியே சொல்லுங்கள்

• சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ்: சில பழைய கேடோலினிய மருந்துகளால் கடும் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் அரிய நோய் வந்தது 2006-ல் தெரியவந்தது. இன்று மருந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.
• முன்பு கான்ட்ராஸ்ட் ஊசியால் வந்த ஒவ்வாமை, ஆஸ்துமா.
• கர்ப்பம். மருந்து தாய்ப்பாலில் கலப்பது மிகமிகக் குறைவு என்பதால் பொதுவாகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.
• பேஸ்மேக்கர், உடலுக்குள் பொருத்திய உலோகக் கருவிகள்.

ஊசி போட்டபின் அரிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் கையிலுள்ள அழைப்பு மணியை உடனே அழுத்துங்கள்.

நீங்களே முடிவெடுக்க வேண்டாம்

‘ஊசி இல்லாமலே எடுத்துவிடுங்கள்’ என்று பயத்தில் மறுத்தால், கட்டியின் வகை தெரியாமலே போகலாம். பழைய ஸ்கேன் படங்களையும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் எதுவானாலும் ஊசிக்கு முன்பே ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டுவிடுங்கள்.